ரெண்டு பிள்ளைக்கும் ஒரே மாதிரி

உங்க பொண்ணுக்கும் ஆனர்ஸ் வந்திருக்கா? நீங்க ஃபோன்ல பேசினது காதுல விழுந்துச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உட்கார்ந்துட்டுக் காதைப் பொத்திக்கவா முடியும். சேரட்டுமா வேண்டாமான்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு இருந்தீங்க. நான் ஒண்ணு சொல்றேன். கேட்டா கேளுங்க, கேக்காட்டி விடுங்க. சேர்க்காதீங்க.

எனக்கு என்ன தெரியும்னு பாக்குறீங்க. நான் பத்தாங்கிளாஸ்தான். ஆனா அந்த ஆனர்ஸ்ங்கிறது என்னன்னு எனக்கு இப்போ நல்லாவே தெரியும். மத்த பிள்ளைக படிக்கிறதுக்கு மேல கூடக் கொஞ்சம் பேப்பர். சாயங்காலம் எல்லாரும் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் இதுகளுக்கு மட்டும் வகுப்பு. சனிக்கிழமையும் வகுப்பு. ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது. கடைசியில சர்டிஃபிகேட்டுல பி.இ.க்குப் பக்கத்துல ஆனர்ஸ்னு ஒரு வார்த்தை சேத்துப் போடுவாங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எங்க வீட்டுல இவ்வளவும் நடந்துச்சு.

எங்களுக்குக் கோவில்பட்டி. பெயிண்ட் கடை வச்சிருக்கோம். எனக்கு ரெட்டைப் பிள்ளைக. பொண்ணு நித்திலா, பையன் நித்தின். அவதான் முதல்ல பொறந்தா, இவன் கொஞ்ச நேரம் கழிச்சு. பொறந்த அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன், ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நூல் வித்தியாசம் வைக்கக் கூடாதுன்னு. ஒரே துணியில அவனுக்குச் சட்டை, அவளுக்குக் கவுன். ஒருத்தருக்குக் காய்ச்சல்னா ரெண்டு பேருக்கும் கஞ்சி. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். ஸ்கூல்ல அவ கட்டுரைப் போட்டியில ஒரு கப்பு வாங்கிட்டு வந்தா. பாத்தேன், சந்தோஷம்தான். ஆனா ஷோகேஸ்ல வைக்கல. அவனுக்கும் ஒண்ணு வரட்டும், சேத்து வைப்போம்னு சாக்குல சுத்திப் பரண்ல போட்டேன். அடுத்த வருஷம் வாங்கின கப்பை அவளே ஏணி போட்டு ஏறிப் பரண்ல வச்சுட்டு இறங்கினா. அப்படி வளத்திருக்கேன்.

ஏன் இப்படின்னு கேப்பீங்க. எனக்கு ஒரு தம்பி இருந்தான். எனக்கு மார்க் நல்லா வரும், அவனுக்கு வராது. எங்க அப்பா ஒவ்வொரு தடவையும் என் மார்க்கைச் சொல்லிச் சொல்லி அவனை அடிப்பாரு. பொட்டப் பிள்ளை வாங்குறா, உனக்கென்னடா கேடுன்னு அடிப்பாரு. நான் பத்தாங்கிளாஸ்ல ஸ்கூல்லயே முதல் மார்க் வாங்கினேன். ரிசல்ட் வந்த அன்னிக்கு சாத்தூர் ஸ்டேஷன்ல அவன் ரயில் ஏறினதைப் பாத்தவங்க இருக்காங்க. அதுக்கப்புறம் பாத்தவங்க யாரும் இல்ல. எங்க அம்மா என் முகத்தைப் பாத்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா, நீ கொஞ்சம் கம்மியா வாங்கியிருக்கலாம்லன்னு. அதோட என் படிப்பும் முடிஞ்சது. அம்மா சொன்னதுல என்ன தப்பு? நான் கம்மியா வாங்கியிருந்தா என் தம்பி இருந்திருப்பான். அதனால எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.

சரி, கதைக்கு வாறேன். ரெண்டு பேரையும் ஒரே காலேஜுல, ஒரே டிபார்ட்மென்டுல போட்டோம். எலெக்ட்ரிக்கல். அவ கேட்டது அதுதான். அவனுக்கு எதைக் கேக்கணும்னே தெரியல, சரி அவ கூடவே இருக்கட்டும்னு சேத்து விட்டோம். அவ லேடீஸ் ஹாஸ்டல், அவன் பாய்ஸ் ஹாஸ்டல். ரெண்டு வருஷம் ஓடுச்சு. அவளுக்கு மார்க் அள்ளிக்கிட்டு வருது. அவன் ரெண்டு பேப்பர் அரியர் வச்சிருக்கான். இந்த விவரமெல்லாம் எங்களுக்குள்ளதான். வெளியில யார் கேட்டாலும், ரெண்டும் நல்லாப் படிக்குதுன்னு சொல்லிடுவேன்.

மூணாவது வருஷம் ஆரம்பிக்கப் போகுது, லீவுக்கு ரெண்டு பேரும் வீட்டுல இருக்காங்க. அப்பத்தான் அவளுக்கு ஃபோன் வந்துச்சு, ஆனர்ஸுக்கு உன் பேரு வந்திருக்கு, சேருறியா, ஒரு வாரத்துல சொல்லுன்னு. அவ துள்ளிக் குதிக்கிற ஆளு கிடையாது. அன்னிக்கு அடுப்படிக்கு வந்து நின்னா. நான் வெங்காயம் உரிச்சிட்டு இருக்கேன், அவளும் உட்கார்ந்து உரிச்சா. உரிச்சுக்கிட்டே சொன்னா, கயத்தாறு பக்கம் காத்தாடி நிக்குதுல்லம்மா, காத்து நல்லா அடிக்கும்போதுகூட சிலது சுத்தாம நிக்கும், ஏன் தெரியுமான்னு. நான் ரிப்பேரா இருக்கும்னேன். ரிப்பேர் இல்லையாம். காத்தாடி குடுக்குற கரண்டை அந்த நேரத்துல லைன் தாங்காதாம், அதனால நிறுத்தி வச்சிருவாங்களாம். அதை எப்படி வீணாக்காம எடுக்கிறதுன்னு அந்தக் கூடுதல் பேப்பர்ல வருதாம். அதைப் படிக்கணும்மான்னா. சின்ன வயசுல ஐஸ் வேணும்னுகூட அவ கேட்டதில்ல. அன்னிக்குத்தான் கேட்டா.

காத்தாடி நின்னா உனக்கென்ன, சுத்தினா உனக்கென்னன்னு சொன்னேன். சிரிச்சேன், அவளும் சிரிச்சா. அப்புறம் கேட்டேன், நித்தினுக்கு வந்திருக்கான்னு. அரியர் இருந்தா வராதும்மான்னா. அந்த இடத்துலயே எனக்குள்ள முடிஞ்சு போச்சு.

நான் உடனே வேண்டாம்னு சொல்லல. நான் அப்படிப்பட்டவ இல்ல. முதல்ல அவன்கிட்டத்தான் பேசினேன். உன் அக்காவுக்கு இப்படி வந்திருக்கு, உன் மனசுல என்ன இருக்குன்னு கேட்டேன். அவன் டிவியில கிரிக்கெட் பாத்துட்டு இருந்தான். நல்ல விஷயம்தானே, சேரட்டும், எனக்கென்னம்மான்னான். பாத்தீங்களா, எப்படி மறைக்கிறான்னு. என் தம்பியும் அப்படித்தான், அடி வாங்கும்போது முகத்துல ஒண்ணும் தெரியாது. அன்னையிலிருந்து அவனையே கவனிக்க ஆரம்பிச்சேன். ஒரு தோசை கம்மியாச் சாப்பிட்டா கவனிச்சேன். கதவைச் சாத்திட்டுப் படுத்தா கவனிச்சேன். என்னடா மனசுக்குள்ள போட்டு வச்சிருக்கன்னு தினம் ரெண்டு தடவை கேட்டேன். ஒரு நாள் எரிச்சல் பட்டுச் சொன்னான்.

"என் பேரைச் சொல்லி அவளைத் தடுக்காதம்மா. எனக்கு அவ மேல ஒரு வருத்தமும் இல்ல. நீ தினம் கேக்குறதுதான் வருத்தமா இருக்கு."

எவ்வளவு வேதனை இருந்தா ஒரு பிள்ளை இப்படிப் பேசும்?

இவுக அப்பாகிட்டச் சொன்னேன். அவரு வாயைத் திறக்க மாட்டாரு. எத்தனை லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் வேணும்னு கேட்டாத்தான் பேச்சு வரும். உனக்குத் தோணினபடி செய்னுட்டாரு. அப்புறம் அவளைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். கோபமாப் பேசல. அவ தலையில எண்ணெய் வச்சுக்கிட்டே பக்குவமாத்தான் சொன்னேன். நீ படிக்கிறதுல எனக்குப் பெருமைதான், ஆனா உன் சர்டிஃபிகேட்டையும் அவன் சர்டிஃபிகேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஊரு பாக்கும். உன்னுதுல ஒரு வார்த்தை கூட இருக்கும், அவனுதுல இருக்காது. அதை அவன் ஆயுசுக்கும் சுமக்கணும். உனக்கு அந்த வார்த்தை இல்லாட்டியும் நீ நல்லாத்தான் இருப்ப, அவன் அப்படியான்னேன். தலையைக்கூடத் திருப்பாமக் கேட்டா.

"அப்போ அவன் ஃபெயில் ஆனா நானும் ஃபெயில் ஆகட்டுமா?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் அதிகம். நான் அதைப் பெருசா எடுத்துக்கல. தலையில லேசா ஒரு தட்டு தட்டிட்டு, ஒழுங்காப் பேசுன்னேன். அதோட விட்டேன்.

அந்த டிபார்ட்மென்டுல பியூலா மேடம்னு ஒருத்தங்க. அவங்கதான் இந்த ஆனர்ஸைப் பாத்துக்கிறவங்க. அவங்க விடுற மாதிரி இல்ல. எனக்கே ஃபோன் போட்டுட்டாங்க. உங்க பொண்ணு மாதிரி ஒரு பிள்ளையை நான் பாத்து ரொம்ப வருஷம் ஆச்சு, பணம் கிணம் பிரச்சினைன்னா நாங்க பாத்துக்கிறோம், ஏன் வேண்டாம்ங்கிறீங்கன்னாங்க. வெளி மனுஷிகிட்ட வீட்டு விஷயத்தைச் சொல்ல முடியுமா? எங்களுக்கு ஒண்ணும் இல்ல மேடம், அவளுக்குத்தான் இஷ்டம் இல்லைன்னு சொன்னேன். அவங்க நம்பல. அவகிட்டக் குடுங்கன்னாங்க. அவ பக்கத்துலதான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. ஸ்பீக்கரைப் போட்டேன். ஃபோனைக் கையால பொத்திக்கிட்டு அவகிட்டச் சொன்னேன்.

"நீயே உன் வாயால சொல்லிரு. நான் சொன்னா என்னைத் தப்பா நினைப்பாங்க."

அவ மடிச்ச சட்டையை ஒரு பக்கமா வச்சா. அது நித்தின் சட்டை, நல்லா ஞாபகம் இருக்கு. ஃபோனைப் பாத்துச் சொன்னா, எனக்கு இதுல ஆர்வம் இல்ல மேடம், சாயங்கால வகுப்பெல்லாம் என்னால முடியாதுன்னு. குரல் பிசகல. மேடம் நிஜமாவான்னு கேட்டாங்க. நிஜம்தான் மேடம்னா. அடுத்த செமஸ்டர்லயும் சேரலாம், இந்தத் தடவை எல்லாப் பேப்பரும் பாஸானா போதும், யோசிச்சுக்கோன்னு சொல்லிட்டு அவங்க வச்சுட்டாங்க. அவ அடுத்த சட்டையை எடுத்து மடிச்சா.

என் பிள்ளை எவ்வளவு அழகாச் சொல்லிருச்சு பாருங்க. அன்னிக்கு ராத்திரி அவளுக்குப் பிடிச்ச உருளைக்கிழங்கு பொரியல் பண்ணேன். அவனுக்கும் சேத்துத்தான்.

அப்புறம் காலேஜ் திறந்துச்சு. ஆனர்ஸ் வகுப்பு இல்லாததால அவளுக்குச் சாயங்காலம் சும்மாதானே கிடக்கு. அந்த நேரத்துல தம்பிக்குச் சொல்லிக் குடுன்னேன். லைப்ரரி வாசல் மரத்தடியில உட்கார்ந்து சொல்லிக் குடுத்திருக்கா, தினமும். அவனே வேண்டாம் வேண்டாம்னானாம். அம்மா கேப்பாங்க, உட்காருன்னாளாம். அந்த மரத்துக்கு எதுத்த மாதிரிதான் ஆனர்ஸ் வகுப்பு நடக்குற ரூமாம். இதெல்லாம் அவன் சொல்லித்தான் தெரியும். அவ எதையும் சொல்றதில்ல. ஃபோன் பண்ணா, சரிம்மா, சாப்பிட்டேன்மா, வச்சுரவாம்மா. அவ்வளவுதான்.

பியூலா மேடம் நடுவுல ரெண்டு மூணு தடவை எனக்குக் கூப்பிட்டாங்க. அடுத்த செமஸ்டர் சேத்துக்கிறோம், அவளைப் பேசவிடுங்கன்னு. அந்தம்மா கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் நான் நித்திலாவுக்குக் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவேன், தம்பியை நினைச்சுக்கோன்னு. நான் சத்தம் போட்டதே இல்ல. நடுவுல ஒரு தடவை அழுதேன், அவ்வளவுதான்.

பரீட்சை வந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே ஹால். நித்திலா நம்பருக்கு அடுத்த நம்பர் நித்தினுக்கு, அவளுக்குப் பின்னால உட்கார்ந்து எழுதுவான். கடைசிப் பரீட்சை முடிஞ்சு ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. அவ குளிக்கப் போனதும் அவன் என் பக்கத்துல வந்து நின்னான். அவன் முகம் நல்லா இல்ல. இவனுக்குத்தான் ஏதோ பேப்பர் போயிருச்சுன்னு நினைச்சேன்.

"அவ இன்னிக்கு எழுதவே இல்லம்மா. நம்பரை எழுதிட்டுப் பேனாவை மூடி வச்சுட்டா. மணி அடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அது அவ எனக்குச் சொல்லிக் குடுத்த பேப்பர்."

தலைவலியா இருந்திருக்கும்னேன். அவன் என்னையே பாத்தான். உனக்குப் புரியலையாம்மான்னான். எனக்கென்ன புரியாம, பிள்ளை அலைஞ்சு படிச்சுக் களைச்சிருப்பா. இதை வெளியில யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லி அனுப்பினேன்.

ரிசல்ட் வந்துச்சு. அவன் அந்தப் பேப்பர்ல பாஸ். பழைய அரியர்லயும் ஒண்ணை எழுதி முடிச்சுட்டான். இவ அதுல ஃபெயில். அந்த ஒரு பேப்பரோட ஆனர்ஸுக்கு இருந்த வழியும் அடைஞ்சு போச்சு, இனி எப்பவும் சேர முடியாதாம். கண்ணுபட்டுருச்சுன்னுதான் நினைச்சேன். அவளுக்குச் சுத்திப் போட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், நீங்களும் ஒரு தாய், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. அன்னிக்கு என் நெஞ்சுல இருந்து ஒரு கல்லு இறங்கின மாதிரி இருந்துச்சு. அவனுக்கு ஒரு அரியர், இவளுக்கு ஒரு அரியர். ரெண்டும் ஒண்ணாயிருச்சு.

அவன் பாஸானதுக்குக் கேசரி கிண்டினேன். நாலு பேரும் உட்கார்ந்தோம். அவன் தொடவே இல்ல, தட்டைத் தள்ளி வச்சுட்டான். அவ ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டா. சாப்பிட்டுக் கை கழுவப் போறதுக்கு முன்னால என்னைப் பாத்துக் கேட்டா.

"இப்போ சரியா இருக்காம்மா?"

இனிப்பு ஒரு கரண்டி கூடிப் போச்சு, மத்தபடி சரியா இருக்குடின்னேன். இவுக அப்பா எந்திரிச்சு வெளியில போயிட்டாரு. அவருக்கு எப்பவும் இனிப்பு ஆகாது.

நித்தின்தான் அதுக்கப்புறம் மாறிப் போயிட்டான். எங்கூடப் பேச்சைக் குறைச்சான். ஃபோன் பண்ணா எடுக்க மாட்டான். போன மாசம் திடீர்னு பெட்டியோட வந்து நிக்கிறான். காலேஜை விட்டுட்டானாம். திண்டுக்கல்ல ஒரு பேட்டரி, இன்வெர்ட்டர் விக்கிற கடையில வேலைக்குச் சேந்துட்டானாம். கூடப் படிச்ச பையனோட மாமா கடை. மிச்சத் துணியை எடுக்க வந்திருக்கான். நான் காலைப் பிடிக்காத குறையா அழுதேன். எதுக்குடா, இப்போதான் எல்லாம் சமமா வந்திருக்குன்னேன். அவன் ஷூவைக் கழட்டாமலே நின்னு பேசினான்.

"இனிமே அவளுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்க நான் இல்லம்மா. அவளை விட்டுரு. அவ படிக்கட்டும்."

ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டான். என் தம்பி போனப்போ எங்க அம்மா எப்படி உட்கார்ந்திருந்தாளோ, அதே மாதிரி வாசப்படியில நான் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பாத்துப் பாத்துச் செஞ்சும், ஒரு பொட்டு வித்தியாசம் வைக்காம வளத்தும், அவளோட படிப்புதான் அவனைத் துரத்திருச்சு. ஆனர்ஸ்ல சேராமலே இந்த நிலைமைன்னா, சேந்திருந்தா என்ன ஆகியிருக்கும் சொல்லுங்க.

சரி, கூடப் பொறந்தவன் இப்படிப் போயிட்டானே, அவளாவது கலங்குவான்னு பாத்தேன். போன வாரம் பியூலா மேடம் எனக்கு ஃபோன் பண்ணாங்க. நித்திலா பழையபடி ஆயிட்டாளாம். அந்த விட்ட பேப்பரை எழுதப் போறாளாம். ஆனர்ஸ் பட்டம் கிடைக்காது, ஆனா நான் வகுப்புல வந்து சும்மா உட்கார்ந்து கேக்கட்டுமா மேடம்னு அவளாப் போய்க் கேட்டாளாம். தினம் சாயங்காலம் முதல் பெஞ்சுல உட்காருறாளாம். அந்தக் காத்தாடி விஷயமா ஏதோ செஞ்சிருக்காளாம், மேடம் அதைப் பெரிய இடத்துக்கு அனுப்பப் போறாங்களாம். வகுப்புல நல்லாச் சிரிச்சுப் பேசுறாளாம். மேடம் எதோ எனக்கு நல்ல சேதி சொல்ற மாதிரி சொன்னாங்க. எனக்கு எரிஞ்சுச்சு. தம்பி எங்கயோ கடையில பேட்டரி தூக்கிட்டு இருக்கான், இவளுக்குச் சிரிப்பு எப்படி வருது? நீங்களே சொல்லுங்க.

இந்தா, திருமங்கலம் வந்துருச்சு. நான் இங்கதான் இறங்கணும், காலேஜுக்கு இங்கிருந்து ஆட்டோ. அந்தப் பை உங்க கால்ல இடிக்குதா? கனமெல்லாம் இல்ல, காலிப் பைதான். ஹாஸ்டல்ல அவ துணிமணியெல்லாம் இருக்குல்ல, எடுத்துட்டு வரணும். அவனே நிறுத்திட்டான், இவ மட்டும் எப்படிப் படிக்கிறது? ரெண்டு பிள்ளைக்கும் ஒரே மாதிரிதானே செய்யணும். இவுக அப்பாகிட்டக் காலையில சொன்னேன், கடையைத் திறக்கப் போயிட்டாரு. அவகிட்ட இன்னும் சொல்லல. நேர்ல போய்ச் சொன்னாப் போதும், சரிம்மான்னு கிளம்பிருவா. மத்தபடி ரொம்ப நல்ல பிள்ளை.